புதினாவுக்குப் போட்ட உப்பு

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. இளையவள் சொன்னதைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மதினி, எங்க வீட்டுல அவுக புதினாவுக்குன்னு சொல்லி வெடியுப்பு கொண்டாந்து அடுப்படியில வச்சிருந்தாக."

"புதினாவுக்கா?"

"ஆமா. பாட்டில் தண்ணியில தண்டைச் சொருகி வளக்குறாகள்ல, வெறுந் தண்ணியில சத்து இல்லையாம். தண்ணி மாத்தும்போது ஒரு சிட்டிகை போடணுமாம்."

"உரக்கடையிலயும் அந்த உப்பை விக்கத்தான செய்றாக. பொட்டலத்துல கடைப் பேரு இருந்துச்சா?"

"பழைய பேப்பர்ல மடிச்சிருந்துச்சு. பக்கத்துத் தெருவுல திருட்டுத்தனமா வெடி செஞ்சு வீடே பறந்துச்சுல்ல? எனக்குப் பயமாயிருச்சு. அவுக வெளிய போனதும் அம்புட்டையும் அந்தப் பாட்டில்லயே கரைச்சு விட்டுட்டேன்."

"ஐயையோ, செடி?"

"வேரெல்லாம் கறுத்துச் செத்துப்போச்சு. வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை வையல. செடியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னாக. பாவமா இருந்துச்சு."

"அப்ப நெசமாவே செடிக்குத்தான் வாங்கியிருக்காக. நீ வீணா சந்தேகப்பட்டுட்ட."

சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பியபோது இளையவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நானும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன் மதினி. இன்னைக்குக் காலையில துவைக்க எடுத்தா, அவுக சட்டைப் பையில பட்டாசுத் திரி கெடக்கு. பிரஸ்ல காலண்டர் அடிக்கிற ஆளுக்குத் திரி எதுக்கு?"