அணில்குட்டியின் நரம்பு

— இன்னும் எவ்வளவு நேரம் டாக்டர்? மூக்கெல்லாம் எரியுது...

— கேமராக் குழாயை எப்பவோ வெளிய எடுத்தாச்சும்மா. நீங்கதான் கண்ணைத் தெறக்கல.

— அட! சரி... தொண்டைக்குள்ள என்ன தெரிஞ்சுது?

— அழகு! ரெண்டு குரல்நாணும் கதவு மாதிரி சேர்ந்து மூடுது. அதுக்கு வர்ற நரம்பு இருக்கே, வேடிக்கையான ஆளு. குரல்வளையைத் தாண்டி நேரா நெஞ்சுக்குள்ள போய், ஒரு சுத்து சுத்தி, திரும்ப மேல ஏறி வருவான்.

— எங்க வீட்டுக்காரரேதான்! பக்கத்துக் கடைக்குப் போனாலும் ஊரைச் சுத்தித்தான் வருவார்.

— ஹஹ... தைராய்டு கட்டியை எடுத்தப்போ அவன் மேல ஒரு கீறல்கூட விழல.

— அப்போ பேச்சு போகாது. ஆனா... அணில்குட்டி? அடுத்த வாரம் கார்ட்டூன் டப்பிங் டாக்டர். அந்தக் கீச்சுக்குரல் வராட்டி வேற ஆளைப் போட்டுடுவாங்க.

— அதுக்குத் தனிச் சதைம்மா. தொண்டைக்கு முன்னாடி இருந்து நாணை இழுத்து முறுக்கேத்தும். மத்த சதைக்கெல்லாம் அந்த ஊர்சுத்திதான். இதுக்கு மட்டும் மேலேருந்து தனி நரம்பு. தலைமுடி மாதிரி...

— கடைக்குட்டிக்கு மட்டும் தனித்தட்டு!

— அதேதான். அணில்குட்டி குரல்ல பேசிப் பாத்தீங்களா?

— ...பாத்தேன். வரல.

— எப்போ?

— அது... வந்து...

— நெஜமாப் பாத்தீங்களா?

— இல்ல டாக்டர். பயம். தெரியாத வரைக்கும் உள்ளதான் இருக்குன்னு நெனச்சுக்கலாமில்ல?

— ...விரலை இங்க வைங்க. தையலுக்கு மேல, சின்னப் பள்ளம். ஆங். இப்போ "ஈ"ன்னு கீழேருந்து ஏறுங்க.

— ஈஈ... அய்யோ, பள்ளம் மூடுது!

— சதை இழுக்குதும்மா! நிறுத்தாதீங்க. மேல... இன்னும் மேல...

— ஈஈஈ... "மாமா, மாமா, எனக்கு ஒரே ஒரு கொட்டை குடுங்க மாமா!" கேட்டீங்களா? அப்படியே இருக்கு! தலைமுடி நரம்புன்னீங்க, அவ்வளவு ரத்தத்துக்கு நடுவுல எப்படித்தான் பாத்துப் பாத்து ஒதுக்கினீங்களோ! உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்... என்ன டாக்டர், கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கிறீங்க?

— நான் அதைப் பாக்கவே இல்லம்மா. தேடினேன்... கண்ணுலயே படல. சில பேருக்குச் சதைக்குள்ள ஒளிஞ்சு போகும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கணும்னு கட்டியை ஒட்டியே வெட்டினேன். அன்னிலேர்ந்து பயத்துல எங்க வீட்டுல வாயைத் தெறக்காதது நான்தான்.