ஹட்செகன் ஐயா அடைத்த துவாரம்

இந்தக் கீழ்த்தள இரங்கல் கூட்டத்தில் மேடை என்று பெயர் சூட்டப்பட்ட மடக்கு மேசைக்குப் பின்னே வீற்றிருக்கும் அருட்தந்தை யுவெனாலியே அவர்களே! அவருக்குப் பக்கத்தில், மெடியாஷ் நகரத்துப் பாய்லர்களுக்கெல்லாம் அரசன் என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும், மறைந்த தலைவரின் அருமை மச்சான் திரு. ரெமுஸ் அவர்களே! முன்வரிசையில் கறுப்பு முக்காடிட்டு அமர்ந்திருக்கும் லெதீசியா அக்கா அவர்களே! மடியில் சாவுக்குப் படைத்த கோதுமைக் கொலிவாக் கிண்ணமும் கையில் பிளம் சாராயமுமாக, இவள் எப்போது முடிப்பாள் என்று காத்திருக்கும் அடுக்ககப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் கேஸ்காரி மினொதோராவின் வணக்கம்.

நம் குடியிருப்போர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர் செவெர் ஹட்செகன் ஐயா மறைந்துவிட்டார். எப்படி மறைந்தார்? சற்று முன் ரெமுஸ் பேசினார்: "மச்சானுக்கு விதி முடிஞ்சுபோச்சு. பாய்லரு மேல குத்தமில்ல." அருட்தந்தை பேசினார், இறைவன் அழைத்துக்கொண்டான் என்று. இறைவா, உன் தலையில் எதையெல்லாம் கட்டுகிறார்கள் பார்! ஐயா தன் சமையலறையில், தன் பாய்லர் கக்கிய நிறமும் வாடையும் இல்லாத நஞ்சை மூச்சாக இழுத்து, காப்பிக் கோப்பைக்கு முன்னால் தலைசாய்ந்து செத்துப்போனார். லெதீசியா அக்கா அன்று கோவிலுக்குப் போயிருந்ததால் இங்கே உட்கார்ந்திருக்கிறார். இதைச் சொல்ல இந்த அறையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கேஸ் லைன் போடுகிறவளைப் பேசக் கூப்பிட்டீர்கள். அவள் கேஸைப் பற்றித்தான் பேசுவாள்.

ஐயாவின் பெருமையைச் சொல்கிறேன், கேளுங்கள். வாழ்நாளெல்லாம் எரிவாயுத் துறையில் உழைத்தவர் அவர். எங்கே உழைத்தார்? கிணற்றிலா? குழாய்ப் பாதையிலா? தொழிலாளர்களுக்குச் சட்டையும் கையுறையும் எடுத்துக் கொடுக்கும் கிடங்கில் உழைத்தார்! மெடியாஷ்காரனுக்கு அது போதாதா? இந்த ஊரில் பிறந்தவன் ஒவ்வொருவனும், தொப்புள்கொடியோடு ஒரு கேஸ் குழாயும் சேர்ந்தே வந்தது போலத்தான் பேசுவான். பூமிக்கடியில் கேஸ் இருக்கிறதாம், ஆகவே மேலே நடக்கிறவன் தலைக்குள் அறிவு இருக்கிறதாம்! கேஸே இல்லாத ஊரில் கூட ஜனங்கள் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். இங்கே கேட்பது அவமானம்.

இத்தாலியிலிருந்து யாரோ கழற்றிப் போட்ட, வீட்டுக்குச் சூடேற்றும் பழைய பாய்லர் ஒன்றை ஐயா வாங்கி வந்தபோது, இணைப்புக் கொடுக்க என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். போனேன். அது அறையின் காற்றைக் குடித்து எரிகிற வகை. ஐயா, புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும், பாய்லருக்கு முன்னால் தனி வால்வு வைக்க வேண்டும், இரும்புக் குழாய் போட்டு அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும், மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவரில் இருக்கிற அந்தக் காற்றுத் துவாரத்தில் நீங்கள் திணித்து வைத்திருக்கிற தலையணையை எடுக்க வேண்டும் என்றேன்.

ஐயா என்ன சொன்னார் தெரியுமா? "இந்தாம்மா, நாங்க கேஸ்லயே பொறந்து கேஸ்லயே வளந்தவங்க. நீ எனக்குப் பாடம் எடுக்கறியா? தலகாணிய எடுத்தா குறுக்குக் காத்து வரும். என் கழுத்து புடிச்சுக்கிட்டா நீயா வந்து உருவி விடுவ?"

"கழுத்து புடிச்சா ஒரு வாரத்துல சரியாயிடும் ஐயா. செத்துப்போனா சரியாகாது" என்றேன். வெளியே போ என்றார். போய்விட்டேன்.

குறுக்குக் காற்று! ஆஹா, நம் ஜனங்களின் பரம எதிரி! பல் வலித்தால் குறுக்குக் காற்று. காது அடைத்தால் குறுக்குக் காற்று. மருமகள் பேசாமல் இருந்தால் அதுவும் குறுக்குக் காற்று! ஆகஸ்ட் வெயிலில் பேருந்துக்குள் வெந்து சாவோம், ஒருவன் ஜன்னலைத் திறந்தால் அவனைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்ப்போம். காற்று கொல்லும் என்று நம்புகிற ஒரே கூட்டம் நாம்தான். காற்று இல்லாவிட்டால்தான் கொல்லும் என்று சொல்ல வந்தவளைப் படியிறக்கி விடுகிற கூட்டமும் நாம்தான்.

நான் போன பிறகு ரெமுஸ் வந்தார். கூலியாக ஒரு புட்டி சாராயம். பாதியை வேலைக்கு முன்பே குடித்தார் என்று லெதீசியா அக்காவே சொன்னார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாய், சைக்கிள் கடையில் கிடைக்கிற கவ்வி, முடிந்தது இணைப்பு! கசிவு பார்க்க நுரையா? சீச்சீ, அதெல்லாம் பெண்பிள்ளைகள் துணி துவைக்கிற வேலை. பாய்லர் அரசன் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்து மூட்டுக்கு மூட்டுக் காட்டினார். "பாத்தியா மச்சான், வெடிக்கல!" என்றார். ஐயா கைதட்டினார். வெடிக்கவில்லை என்பதே ஒரு தொழில்சான்றிதழ் ஆன ஊர் இது.

ஐயாவின் மகள் ரமோனா ஒரு நல்ல காரியம் செய்தாள். புகை நஞ்சைக் கண்டால் அலறுகிற சின்னக் கருவி ஒன்றை வாங்கி வந்து சமையலறையில் மாட்டினாள். அது அலறியது. தன் கடமையைச் செய்தது, பாவம்! ஐயா என்ன செய்தார்? அதிலிருந்து பேட்டரியைக் கழற்றி டி.வி. ரிமோட்டில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் உண்மை சொன்னவர்களுக்கெல்லாம் ஒரே மரியாதைதான்.

சிரிக்காதீர்கள்! யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்? ஐயா தலைவர், நீங்கள் தொண்டர்கள். தலைவர் வீட்டில் வேலை செய்த அதே ரெமுஸ்தான் உங்கள் வீட்டுக்கும் வந்தார். அதே ரப்பர் குழாய், அதே லைட்டர். துவாரத்தில் ஒருவர் கம்பளிக் காலுறை வைத்திருக்கிறார், இன்னொருவர் பழைய நாளிதழ், ஒரு பக்திமான் மாதாவின் படத்தையே ஆணியடித்து மூடியிருக்கிறார். மாதாவே, உன்னையும் கூட்டாளி ஆக்கிவிட்டார்கள்! அருட்தந்தையே, தலையைக் குனியாதீர்கள், யார் வீடு என்று நான் சொல்லவில்லை.

ஐயாவை எடுத்துப்போன அன்றே, சட்டப்படி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருக்கிற கேஸ் வால்வை மூடி ஈய முத்திரை வைத்தேன். அன்றிலிருந்து நான்தான் உங்களுக்குப் பேய். படிக்கட்டில் என் காதுபடவே பேசுகிறீர்கள்: "பொணத்த வச்சு பொழப்பு நடத்துறா." "குளுருல நம்மளச் சாகடிக்கப் பாக்குறா." குளிரில் கம்பளி போர்த்தலாம் ஜனங்களே! மின்சார அடுப்பை இரவல் வாங்கலாம். என் வீட்டிலேயே வந்து படுக்கலாம், தரை காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் சற்று முன் ரெமுஸ் இதே மேசைக்குப் பின்னே நின்று உங்களிடம் என்ன சொன்னார்? "கவலப்படாதீங்க, இன்னிக்கு ராத்திரி எல்லாருக்கும் நான் தொறந்து விடுறேன்." நீங்கள் கைதட்டினீர்கள். பிணம் புதைத்த மண் ஈரம் காயவில்லை, கைதட்டினீர்கள்! உங்களை நான் என்னவென்று சொல்வது? த்தூ!

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். இன்று காலை ஹட்செகன் ஐயா வீட்டுக்குப் போனேன். அப்பாவின் சாவுக்காக ரமோனா கைக்குழந்தையோடு வந்து அங்கேதான் தங்கியிருக்கிறாள். ஐயாவின் தலையணையைக் காவல்துறை எடுத்துப்போய்விட்டது. துவாரம் திறந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதில் குழந்தையின் போர்வை இருந்தது. நீலப் போர்வை, ஓரத்தில் வாத்து போட்டது.

லெதீசியா அக்காவைக் கேட்டேன். அக்கா சொன்னார்: "பச்சப்புள்ள இருக்குடி. காத்து பட்டா சளி புடிச்சுக்கும்."

நான் திட்டவில்லை. என்னால் முடியவில்லை. அக்கா குழந்தையின் மேல் வைத்த பாசமே குழந்தைக்கு எமன். போர்வையைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கூட்டத்தின் முடிவில் எழுந்து நின்று மௌனம் காப்பது நம் வழக்கம். எனக்கு உங்கள் மௌனம் வேண்டாம். அலறுகிற கருவியை ஐயா அடக்கியபோது காத்தீர்களே, அந்த மௌனமே போதும். எழுந்திருங்கள், என்னோடு மாடி ஏறுங்கள். வீடு வீடாகப் போய், துவாரத்தில் திணித்ததைப் பிடுங்குவோம், ரப்பர் குழாயை வெட்டி எறிவோம். புதுக் குழாய் போட்டு, நுரை தடவி, புகை வெளியே போகிறது என்று என் கண்ணால் பார்த்த பிறகுதான் உங்கள் முத்திரையை உடைப்பேன். செவெர் ஹட்செகன் ஐயா செய்யாமல் விட்ட பணியை நான் செய்து முடிப்பேன் என்று அவர் படத்தின் முன்னால் உறுதி கூறுகிறேன்.

என்ன அக்கா? ஏன் எழுந்துவிட்டீர்கள்? அழாதீர்கள், தண்ணீர் கொடுங்கள் யாராவது. என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள்.

"நீ போன பெறகு போர்வைய திரும்பவும் வச்சுட்டேன்டி, மினொதோரா. ரெமுஸ் மத்தியானமே எங்க வீட்டு முத்திரைய அறுத்து பாய்லரப் பத்த வச்சுட்டான். ரமோனாவும் புள்ளயும் மேலதான் தூங்குறாங்க."

டேய் ரெமுஸ், ஓடு, வால்வை மூடு! யாராவது ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க! எந்திரிங்க, நாற்காலிய நகத்துங்க! வழிய விடுங்க, அய்யோ, வழிய விடுங்க!