ரப்பருக்கு ஆகாத கிரீஸ்

கிரீஸ் எல்லாம் ஒன்றுதான், வழுக்கினால் போதும் என்று நினைப்பவர்கள்தான் உலகத்தில் அதிகம். விபத்தை விசாரிக்க வந்த நீங்களும் நேற்று இரண்டு டப்பாக்களை ஒரே பையில் போட்டுக் கட்டியபோது அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். தவறில்லை. உங்கள் வேலை வேறு.

காரின் பிரேக்கில் இடத்துக்கு இடம் கிரீஸ் மாறும். சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் பேடின் முதுகுக்குச் சூடு தாங்கும் செம்பு நிறக் கிரீஸ். பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபர் இரண்டு பின்களின் மேல் நகர்கிறது. அந்தப் பின்கள் ரப்பர் உறைக்குள் ஓடுகின்றன. அங்கே சிலிகான் கிரீஸ் மட்டும்தான் ஆகும். மற்றவற்றில் இருக்கிற எண்ணெயைக் குடித்து ரப்பர் ஊதிவிடும். பின் இறுகும். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பேடு சக்கரத்தை விடாது.

இருபத்திரண்டு வருடமாக உதிரிபாகக் கடையில் நிற்கிறேன். கடைக்கும் தம்பியின் பட்டறைக்கும் நடுவில் கதவு இல்லை, வெறும் நிலைதான். அந்த நிலையில் சாய்ந்துகொண்டு அவன் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது கேட்பான். "அக்கா, இதுக்கு எது போடலாம்?" டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சொல்வேன். தெரிந்ததையும் கேட்பான். எதிர்க் கடை டயர்க்காரர் சிரிப்பார். "அக்கா தும்முனாத்தான் இவன் நட்டைத் திருகுவான்."

எனக்கும் அவனுக்கும் பதினோரு வயது வித்தியாசம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவனுக்கு மனைவி வந்தாள். நல்ல பெண். என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். முதல் காப்பியை எனக்குத்தான் கொடுப்பாள். அவள் மேல் சொல்ல ஒரு குறையும் இல்லை, அதுதான் சிரமமாக இருந்தது. ஆறு மாதத்தில் பட்டறைக்குள் இறங்கினாள். கம்பெனிப் புத்தகங்களைப் படித்து, எந்தப் பாகத்துக்கு எந்தக் கிரீஸ் என்று ஒரு பெரிய தாளில் எழுதி நிலைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். அழகான கையெழுத்து. டப்பாக்களுக்கு நிற மூடி போட்டாள். பேடுக்குச் சிவப்பு, ரப்பர் இருக்கிற இடத்துக்கு வெள்ளை.

"இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்ல, அண்ணி" என்றாள்.

"எனக்கென்னம்மா, நிம்மதி" என்றேன்.

முப்பது தடவை பத்தானது. பிறகு ஒன்றுமில்லை. நிலையருகே வருவான், என் தலைக்கு மேலே அந்தத் தாளைப் பார்ப்பான், போய்விடுவான். டயர்க்காரர் அதையும் விடவில்லை. "என்னக்கா, கோர்ட்டு மாறிடுச்சு போல. அப்பீலெல்லாம் இப்ப வீட்டுக்காரம்மாகிட்டதான்." நானும் சிரித்தேன். அன்று கடையில் வாஷர்களை அளவு பார்த்துப் பிரித்தேன். ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தவை அவை.

பெரிய டின்னிலிருந்து அந்தச் சிறு டப்பாக்களை நிரப்புவது மட்டும் என் வேலையாகவே இருந்தது. கதவுக் கீலுக்குப் போடுகிற கிரீஸ் ஒன்று உண்டு. அதுவும் வெள்ளைதான். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. முகர்ந்தால் தெரியும், புத்தகத்தில் படித்தவர்களுக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளை மூடி டப்பாவை அதனால் நிரப்பினேன்.

யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் யாராவது ஒருவர் வண்டி இழுக்கிறது, கருகுகிறது என்று வந்து நிற்பார். கழற்றிப் பார்ப்பார்கள். தாளில் எழுதியது தப்பு என்று ஆகும். தம்பி நிலையில் வந்து சாய்வான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் அவள் முதலில் கழற்றியது அவர்களுடைய சொந்தக் காரை. "புது டப்பா, நம்ம வண்டிக்கே முதல்ல வெச்சிடுறேன்" என்றாள். பின்களைத் துடைத்து, ஒவ்வொன்றிலும் அளவாகத் தடவினாள். சுத்தமான வேலை. நான் ஆறடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். ஆனால் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லையே.

பதினேழு நாள் ஆயிற்று. அந்த நாட்களில் நன்றாகத்தான் தூங்கினேன்.

பதினெட்டாம் நாள் காலை, தம்பி அந்தக் காரில் மலைக்கு அப்பால் ஒரு இன்ஜினைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பினான். சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு நிலையருகே வந்தான்.

"முன்சக்கரம் சுடுதுக்கா. லேசா கருகுற வாசனை."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"சரி, வந்து அவகிட்ட காட்டிக்கிறேன்" என்றான்.

"பாத்துப் போ" என்றேன்.

மலையிலிருந்து இறங்கும்போது சக்கரம் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பிடிப்பில்லாமல் காலோடு கீழே போயிருக்கிறது. விபத்து நடந்தது ஏழாவது வளைவில் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. சுடுகிற பிரேக்கோடு மலை இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்.

செய்தி வந்த அன்று மாலையே வெள்ளை மூடி டப்பாவை வழித்துவிட்டுச் சிலிகானை நிரப்பினேன். நீங்கள் கொண்டுபோனதில் சரியான கிரீஸ்தான் இருக்கும். ஆகவே, டப்பா சரி, வைத்த கைதான் மாற்றி வைத்துவிட்டது என்று முடிவு செய்வீர்கள். நானும் அப்படித்தான் விட்டுவிட நினைத்தேன்.

ஆனால் அவன் உடலைக் கொண்டுவந்த நாளிலிருந்து பார்க்கிறேன். "நான்தான் அவரைக் கொன்னுட்டேன், என் கையால வெச்சேன்" என்று அவள் தரையில் கிடக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் நேராக அவளிடம்தான் போகிறார்கள். டயர்க்காரர் மனைவி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாளாக நகரவில்லை. நேற்று நீங்களும் கிரீஸ் வைத்தது யார் என்று அவளைக் கேட்டு, அவள் சொன்னதை ஒன்றரைப் பக்கம் எழுதினீர்கள். என்னிடம் உட்கார ஒரு நாற்காலி கேட்டீர்கள்.

அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள். அவள் மேல் பழி விழக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை. டப்பாவை மாற்றியது நான். வாசனை என்று அவன் வந்து சொன்னபோதும் வாய் திறக்காதவள் நான். பெரிய டின்கள் இரண்டும் மேல்தட்டில் இருக்கின்றன, காரின் பின்களில் இருப்பதோடு ஒப்பிட்டுச் சோதித்துக்கொள்ளலாம்.

அந்த ஒன்றரைப் பக்கத்தை மட்டும் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். என் தம்பியின் சாவிலாவது அவள் குறுக்கே வராமல் இருக்கட்டும்.