டெரல் கேட்ட எடை

மலைவேட்டைக்குக் கிளம்புகிறவன் அடிவாரத்தில் துப்பாக்கியின் எடையைப் பற்றி நினைப்பதில்லை. மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்கும் உயரத்துக்குப் போன பிறகு, அதைத் தவிர வேறு எதையும் நினைப்பதில்லை. நீங்களும் இந்த மொன்டானாக்காரர்தான். ஷெரீஃப் ஆபீஸ் சட்டையைக் கழற்றிவிட்டால் அக்டோபரில் எல்க் மானுக்குப் போகிறவர்தான். தோளில் ஒன்பது பவுண்டை மாட்டிக்கொண்டு சரளைச் சரிவில் ஏறியிருப்பீர்கள். எடை குறைவான துப்பாக்கி வேண்டும் என்று ஒருவன் கேட்டால் அதில் தப்பில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கேட்டவன் டெரல் கூப்மன்ஸ், என் தங்கை நோரீனின் புருஷன். செய்து கொடுத்தவன் நான். நோரீன் உங்களிடம் வந்து சொன்னதெல்லாம் அநேகமாக உண்மையாகத்தான் இருக்கும். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொய் வராது. ஆனால் அவளுக்குத் துப்பாக்கி தெரியாது. அதனால் நானே சொல்வதுதான் முறை.

என் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகை. ஆளைப் பார்த்து, கை நீளம் பார்த்து, தோள் பார்த்துத் துப்பாக்கி செய்வேன். வயோமிங்கிலிருந்தும் ஐடஹோவிலிருந்தும் ஆட்கள் தேடி வருகிறார்கள். நான் செய்த துப்பாக்கிகள் எத்தனையோ பெருங்கொம்பு மலையாட்டுக் கடாக்களை வீழ்த்தியிருக்கின்றன. நான் ஒன்றைக்கூடச் சுட்டதில்லை. அந்தக் கடாவுக்கான அனுமதி குலுக்கலில்தான் விழும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்து மலைக்கு வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தருகிறார்கள். ராணுவத்திலிருந்து திரும்பிய வருஷத்திலிருந்து நான் விண்ணப்பம் போட்டு வருகிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் இல்லை என்று பதில் வரும். என் அப்பாவும் அப்படித்தான் போட்டுக்கொண்டே இருந்தார், போட்டபடியே செத்தும் போனார்.

டெரல் டிராக்டர் விற்கிறவன். நல்லவன், கையில் இருப்பதை அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவான். ஊரில் அவனைப் பிடிக்காதவர்கள் இல்லை. ஏப்ரலில் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் கணினியில் விண்ணப்பம் போடுவதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு போட்டு விடு மச்சான். உனக்குப் பேச்சுத்துணையாச்சு" என்றான். போட்டேன். அது அவனுக்கு முதல் முறை.

ஜூனில் போன் செய்தான். "மச்சான், எனக்கு ஏதோ ஆடு விழுந்திருக்காமே. இது நல்ல விஷயமா?"

"நல்ல விஷயம்தான் மாப்ள" என்றேன்.

"உனக்கு?"

"இல்ல."

"சரி விடு, அடுத்த வருஷம் பாப்போம்" என்றான் டெரல். எனக்கு ஆறுதல் சொன்னான். போனை வைத்துவிட்டு நான் கொட்டகைக்குப் போய்க் கடைசல் இயந்திரத்தை ஓடவிட்டேன். அதில் எதையும் மாட்டவில்லை. சும்மா சுற்றியது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரமே வந்துவிட்டான். முழங்கால் சரியில்லை, பெரிய துப்பாக்கியைத் தூக்க முடியாது, புதிதாகச் செய்து கொடு என்றான். எட்டு பவுண்டில் தொடங்கினோம். குழலைச் சன்னமாகக் கடைந்தேன், நீளவாக்கில் பள்ளம் பறித்தேன். ஏழு ஆனது. இணையத்தில் எவனோ ஆறு என்று எழுதியிருப்பதாகச் சொன்னான். எஃகுப் பாகங்களை எடுத்துவிட்டு டைட்டானியம் போட்டேன். தோளில் அணைக்கும் மரக்கட்டைக்குப் பதில் உள்ளே பொள்ளலான கார்பன் இழைக் கட்டை. ஆறு ஆனது. அப்புறம் ஐந்து என்றான். வரும்போதெல்லாம் நோரீன் கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசைக் கையோடு கொண்டுவருவான். பட்டறையில் வேறு ஆட்கள் இருக்கும்போதே பாகங்களை ஒவ்வொன்றாக அதில் வைத்துப் பார்ப்பான்.

"என்ன மச்சான் இது, துப்பாக்கியா தண்டவாளமா?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மறுநாள் உட்கார்ந்து திருகாணிகளுக்குள் துளை போடுவேன். கடா எங்கே மேயும், காற்று எப்படித் திரும்பும், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் இருக்கும் என்று அவனுக்கு எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டான். நான் இத்தனை வருஷம் தொலைநோக்கி வைத்துப் பார்த்து மனசில் வைத்திருந்த ஒரு கிழட்டுக் கடாவைப் பற்றிக்கூடச் சொன்னேன். "அப்ப அதையே போட்டுரலாம்" என்றான், கடையில் ரொட்டி எடுப்பதைப் போல.

நான் எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "மாப்ள, எடை எங்கயும் காணாமப் போறதில்ல. துப்பாக்கில குறைச்சா அது உதையா மாறித் தோள்ல வந்து நிக்கும்" என்று சொன்னேன். சாட்சிகள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

"உன் தங்கச்சி உதைக்காத உதையா?" என்றான் டெரல். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

இனி மார்ச் மாதத்துக்கு வருகிறேன். அது குலுக்கலுக்கு முன்னால். டெரலின் இடது கண்ணில் விழித்திரை கிழிந்து, பில்லிங்ஸில் ஆபரேஷன் நடந்தது. அன்றைக்கு நோரீனுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது, அதனால் நான்தான் காரை ஓட்டிக்கொண்டு போனேன். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் வெளியே வந்தார். டெரல் மயக்க மருந்தில் கிடந்தான். இடது கண்ணில் பழைய பார்வை திரும்பாது என்றார் டாக்டர். வலது கண்ணிலும் விழித்திரை மெலிந்துதான் இருக்கிறது, அதை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். கனமான பொருளைத் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்று வழக்கமானதைச் சொன்னார். நான்தான் கேட்டேன், இவன் வேட்டைக்கு வருகிறவன், துப்பாக்கி சுடலாமா என்று. நான் கேட்காவிட்டால் அவர் சொல்லியிருக்கவே மாட்டார்.

"உதைக்கிற துப்பாக்கி எதையும் தொட விடாதீங்க. முக்கியமா எடை கம்மியான துப்பாக்கி. வலது கண் போச்சுன்னா அவருக்கு ஒண்ணுமே இல்ல. வீட்ல சொல்லிடுங்க" என்றார் டாக்டர்.

நோரீனிடம் சொட்டுமருந்தைப் பற்றிச் சொன்னேன், குனியக் கூடாது என்பதைச் சொன்னேன். துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவில்லை. அப்போது என் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும். வேட்டைக்கு எனக்கு வேறு துணை கிடையாது. இலையுதிர் காலம் வரட்டும், அதற்குள் கண் தேறிவிடும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஜூன் வந்தபோது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பான், கொஞ்சமும் வருத்தப்படாமல். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். நாங்கள் இரண்டு தலைமுறையாகக் காத்திருந்த ஒன்றை அவன் பீர் டப்பாவைக் கீழே வைப்பதைப் போல வைத்துவிட்டுப் போயிருப்பான்.

ஆகஸ்டில் துப்பாக்கி ஐந்து பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அதற்குக் கீழே போக வழியில்லை என்றேன். அவன் தராசைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "நீ மனசு வச்சா முடியும் மச்சான்" என்றான்.

மனசு வைத்தேன். மூன்று விஷயங்கள் மிச்சமிருந்தன. குழலின் நுனியில் துளைபோட்ட ஒரு உலோக மூக்கு திருகியிருந்தேன். வெடிக்கும் காற்றைப் பக்கவாட்டில் விட்டு உதையைப் பாதியாக்குவது அது. அதைக் கழற்றினேன். தோளில் பதியும் இடத்தில் தடித்த ரப்பர் இருந்தது. அதை எடுத்துவிட்டு மெல்லிய, கெட்டியான ஒன்றை ஒட்டினேன். மூன்றாவது, குறிபார்க்கும் தொலைநோக்கிக் குழாய், அதாவது ஸ்கோப். எடை குறைந்த சின்ன ஸ்கோப் ஒன்று என்னிடம் கிடந்தது. கண்ணை அதன் கிட்டத்தில் கொண்டுபோனால்தான் படம் தெரியும். அதை மாட்டினேன், சுடுகிறவன் முகத்துப் பக்கமாகப் பின்னால் தள்ளியே மாட்டினேன். எல்லாம் எடைக்காகத்தான். தராசு முள் ஐந்துக்குக் கீழே இறங்கியது.

செய்த துப்பாக்கியை நானே சுட்டுப் பார்க்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை. இதையும் சுட்டேன். ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளந்தது. என் தோளுக்கு அது பெரிதில்லை, ஆனால் பல்லெல்லாம் ஆடியது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். டெரல் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டான். சாணை பிடிக்கும்போது பொறி தெறித்துவிட்டது என்றேன்.

"பாத்து மச்சான். கண்ணு போனா வராது, எனக்குத் தெரியும்" என்றான்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஊருக்கு வெளியே மண்மேடு இருக்கும் பள்ளத்துக்குப் போனோம். நோரீன் சாண்ட்விச் கட்டிக் கொடுத்திருந்தாள். மலையில் சரிவைப் பார்த்துப் படுத்துத்தான் சுட வேண்டியிருக்கும், இங்கேயும் அப்படியே பழகு என்றேன். அப்படிப் படுத்து மேல்நோக்கிச் சுட்டால் ஸ்கோப் இன்னும் முகத்துக்குக் கிட்டே வரும். டெரல் படுத்தான். படம் சரியாகத் தெரியவில்லை என்றான். இன்னும் முன்னால் போ என்றேன். போனான்.

முதல் குண்டு போனதும் அவன் தலை பின்னால் போனது. நெற்றியிலிருந்து ரத்தம். அவன் சிரித்தான். "அம்மாடி, கழுதை மாதிரியில்ல உதைக்குது" என்றான். நான் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். அவன் துப்பாக்கியைக் கீழே வைத்தான். "போதும் மச்சான், இன்னொரு நாள் பாப்போம்" என்றான்.

அந்த இடத்தில் எல்லாம் நின்றிருக்கலாம். கண் அப்போது நன்றாகத்தான் இருந்தது. இலக்குத் தாளில் துளை எங்கே விழுந்திருக்கிறது என்று அவனே பார்த்துச் சொன்னான்.

"ஒரு குண்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு போடு. எவனெவனோ தவம் கெடக்கிற சீட்டு உன் கையில இருக்கு, நீ என்னடான்னா புருவத்துல கீறலுக்கு அழற" என்றேன்.

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் யாரையும் ஏமாற்றமடைய விடமாட்டான். மறுபடி படுத்தான். இரண்டாவது குண்டு. மூன்றாவது குண்டு. எழுந்து உட்கார்ந்து வானத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு, "மச்சான், மேகம் வந்திருச்சா? ஓரத்துலேர்ந்து ஏதோ கறுப்பா எறங்குதே" என்றான்.

வானத்தில் மேகம் இல்லை. இல்லை என்று சொன்னேன்.

பில்லிங்ஸுக்கு வேகமாகத்தான் ஓட்டினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே டாக்டர்தான். இரண்டு முறை ஆபரேஷன் செய்தார், பலனில்லை. வலது கண்ணில் இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது. இடது கண்ணில் அதுகூட இல்லை.

நோரீன் ஆஸ்பத்திரி நடையில் என் எதிரே வந்து நின்றாள். "அண்ணே, துப்பாக்கியத் தொடக் கூடாதுன்னு டாக்டர் மார்ச்சுலயே உன்கிட்ட சொன்னாராமே?" என்று கேட்டாள்.

"சொன்னார்" என்றேன்.

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்புவதற்குத் தயாராகத்தான் நின்றாள். எனக்கு அன்றைக்கு மிகவும் சலிப்பாக இருந்தது. "இல்ல" என்றேன். அவள் கையில் வைத்திருந்த காபியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. உங்களிடம்தான் பேசியிருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் விசாரித்துத் தெரிந்துகொள்வீர்கள். இரண்டாவது ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது நான் கார் நிறுத்துமிடத்திலிருந்து வேட்டைத் துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அனுமதி பெற்றவரால் போக முடியவில்லை என்றால் அவர் பெயரில் குடும்பத்தில் இன்னொருவர் போகலாமா என்று கேட்டேன். போனில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். முடியாது என்றாள். மச்சினனாக இருந்தாலும் முடியாதா என்று கேட்டேன். முடியாது சார் என்றாள். யாருக்கும் உதவாமல் ஒரு சீட்டு வீணாகப் போயிற்று. அந்தக் கடா இப்போதும் மேலே எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்கிறது. இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது, பல் எல்லாம் தேய்ந்துவிட்டிருக்கும். இந்த அநியாயத்தை யாரும் பேசுவதில்லை.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டீர்கள். ஆமாம். என்ன ஆகும் என்று தெரிந்துதான் செய்தேன். மூன்று குண்டும் போட வைத்ததும் தெரிந்துதான். வக்கீல் வரும்வரை பேச வேண்டாம் என்றீர்கள், நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் தொழிலில் நான் கவனக்குறைவாக இருந்தேன் என்று பெயர் வருவதை விரும்பவில்லை. அந்தத் துப்பாக்கியில் ஒரு பிழையும் கிடையாது.

போன வாரம் நோரீன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து டெரலைப் பார்க்கப் போனேன். அவள் அவனிடம் எதையும் சொல்லவில்லை போலிருக்கிறது. சோபாவில் உட்கார்ந்திருந்தான். என் நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். தடவிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தான்.

"தப்பு என்னோடதுதான் மச்சான். நீ படிச்சுப் படிச்சுச் சொன்ன, உதைக்கும்னு. நான்தான் கொற கொறன்னு உன் உயிர எடுத்தேன். நீ வாழ்நாள் பூரா காத்துக்கிடந்த சீட்டையும் நான் வாங்கி வீணாக்கிட்டேன். மனசுல எதுவும் வச்சுக்காத" என்றான். அழுதான். அந்தக் கண்களிலிருந்து தண்ணீர் மட்டும் சரியாக வருகிறது.

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இத்தனை மாதமாக அவன்மேல் மனசில் ஒரு கனம் இருந்தது உண்மை. ஆனால் ஒரு மனுஷன் தன் தப்பை உணர்ந்து வாய்விட்டுக் கேட்கும்போது அதை எப்படிப் பிடித்துவைத்துக்கொண்டிருப்பது? அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து அவனை மன்னித்துவிட்டேன்.