தேவாரத்து வீட்டில் வாங்கிய பித்தளை டிரம்

2003ஆம் வருடம் நவம்பர் மாதம் 27ஆம் தேதி, நீதித்துறை நடுவர் அவர்கள் முன்பு கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் முத்துவீரன். வயது 52. தகப்பனார் பெயர் சுருளிவேல். கம்பத்தில் குடியிருந்து பேண்டு செட் நடத்தி வருகிறேன். முப்பது வருடமாக சைடு டிரம் அடிக்கிறேன். போடியிலிருந்து கூடலூர் வரைக்கும் பழைய டிரம் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் வாங்குவார்கள். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இங்கு வரவில்லை.

தன் அக்காள் கிருபாவதியைக் கொன்றதாகக் கைதாகியிருக்கும் சூரியபிரகாஷ், அந்த அம்மாள் அறைக்குள் உயிரோடு கிடந்து தட்டிய சத்தம் எனக்கும் கேட்டது என்றும், அதை வெளியே சொல்லாமல் இருப்பதற்காகவே டிரம்மை அடிமாட்டு விலைக்கு எனக்குக் கொடுத்ததாகவும் போலீசில் சொல்லியிருக்கிறான். அது உண்மை இல்லை. எனக்குக் காது கேட்காது. 1997 சித்திரைத் திருவிழாவுக்குப் பிறகு இடது காது அறவே போய்விட்டது, வலது காதில் பக்கத்தில் நின்று பேசினால் பாதி விழும். எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டு ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். என் மனைவி அய்யம்மாளுக்கே இது தெரியாது, திமிர் பிடித்து பேசாமல் இருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தாள். செவிட்டு டிரம்காரனை எவன் கூப்பிடுவான்? டிரம்மை மதிப்பிடப் போகிற இடத்தில் தோல் மேல் விரலை வைத்து அதிர்வைப் பார்த்துச் சொல்வேன். அதைப் பெரிய வித்தை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். வேறு வழியில்லாமல் செய்தது அது.

மேற்படி டிரம் கிருபாவதியின் தகப்பனார் மூணாறு பக்கம் எஸ்டேட் கிளப்பில் அடித்தது. பித்தளைக் கூடு, கன்றுத் தோல், வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். அதை விலைக்குக் கேட்டு மூன்று முறை தேவாரம் ஊரில் அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். கடைசி முறை, “எங்க அப்பா மலையில இருந்து தோள்ல சுமந்து கொண்டாந்தாக. வீடே போனாலும் அதைக் குடுக்க மாட்டேண்ணே. காப்பி சாப்பிட்டுப் போங்க” என்று சொன்னது. அந்த வீட்டைத் தன் பெயருக்கு எழுதச் சொல்லித் தம்பி தகராறு செய்துவந்தது அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நவம்பர் 10ஆம் தேதி சூரியபிரகாஷ் கம்பத்துக்கு நேரில் வந்து, “அக்கா சம்மதிச்சுருச்சுண்ணே. அது கட்டப்பனைக்குப் போயிருக்கு, நாளைக்கு வந்து பார்த்து எடுத்துக்கங்க” என்றான். மூன்று முறை முடியாது என்ற பொம்பளை எப்படிச் சம்மதித்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அந்த டிரம் வேண்டியிருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தேவாரம் போனேன். வீட்டில் அவன் மட்டும் இருந்தான். டிவி ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மை முன்னறை பெஞ்சில் வைத்திருந்தான். அந்த அறைக்குப் பின்னால் மரத் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் ஏலக்காய் மூட்டை அடுக்கும் அறை, பூட்டியிருந்தது. டிரம்மின் அடித்தோலுக்குக் குறுக்கே கம்பிகள் உண்டு. பக்கத்தில் எந்தச் சத்தம் எழுந்தாலும் அந்தக் கம்பிகள் அதிரும். அதனால் டிவியை நிறுத்தச் சொன்னேன். மனசில்லாமல் நிறுத்தினான்.

அதன் பிறகு குச்சியால் நாலு அடி அடித்து நிறுத்தி, தோலில் விரலை வைத்தேன். நான் நிறுத்திய பிறகும் கம்பி அதிர்ந்தது. மூன்று தடவை அதிர்ந்து ஓய்ந்தது, மறுபடி மூன்று தடவை. திரும்ப அடித்து நிறுத்தினேன். திரும்ப அதே மூன்று. பக்கத்தில் மோட்டார் ஏதும் ஓடுகிறதா என்று கேட்க வாயெடுத்தேன். காது உள்ளவன் அதைக் கேட்க மாட்டான். கேட்டால் என் குட்டு உடைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன். கம்பி தளர்ந்து கோளாறாகிவிட்டது என்று முடிவு செய்தேன்.

“கம்பியில கோளாறு இருக்கு தம்பி. நீ சொன்ன விலைக்கு எடுக்க முடியாது” என்றேன். அவன் முகம் வெளிறிப் போனது. எட்டாயிரத்துக்குக் குறையாது என்று முந்தின நாள் சொன்னவன், “குடுக்குறதைக் குடுங்கண்ணே, இப்பவே எடுத்துட்டுப் போங்க” என்றான். என் சாமர்த்தியத்துக்குப் பயந்துவிட்டான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாயிரம் கொடுத்தேன். அவன் போய் டிவியைத் திரும்பப் போட்டான்.

நான் உடனே கிளம்பவில்லை. கம்பியை விலக்கும் விசையைத் தள்ளி அதிர்வை அடக்கிவிட்டு, தோல்களைக் கழற்றி, கூட்டைக் கடப்பைக்கல் தரையில் கவிழ்த்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கசியவில்லை, விளிம்பு கோணாமல் சமமாக இருந்தது. தோல்களை மாட்டி மறுபடி கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்தேன். இப்படி முக்கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தம் தன் அப்பாவின் டிரம் என்று கிருபாவதிக்குத் தெரிந்திருக்கும், ஆள் வந்திருக்கிறது என்றும் தெரிந்திருக்கும். நான் நிறுத்தும்போதெல்லாம் தட்டியிருக்கிறது.

அதன் பிறகு கம்பத்துக்கு வந்து மேஜையில் வைத்து விசையைப் போட்டுப் பார்த்தேன். கம்பி அதிரவில்லை, ஒரு கோளாறும் இல்லை. பஸ்ஸில் வந்த குலுக்கலில் சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு, எட்டாயிரம் பெறுமதியானதை இரண்டாயிரத்துக்கு அடித்துவிட்டேன் என்று செட்டுப் பையன்களிடம் பீற்றினேன். பித்தளையைப் புளி போட்டு விளக்கினேன்.

14ஆம் தேதி அக்கம்பக்கத்தார் நாற்றம் அடிப்பதாகச் சொல்லிப் பூட்டை உடைத்ததில் கிருபாவதியின் பிணம் கிடந்தது. 9ஆம் தேதி அடிபட்டுத் தாடை உடைந்து கத்த முடியாமல் கிடந்ததாகவும், 12ஆம் தேதி வரை உயிர் இருந்திருக்கும் என்றும் டாக்டர் சொன்னதாக அறிந்தேன். பக்கத்தில் ஏலக்காய் அளக்கும் மரப்படி ஒன்று விளிம்பு நசுங்கிக் கிடந்தது.

அதன் பிறகு 19ஆம் தேதி ஆய்வாளர் அவர்கள் என்னையும் டிரம்மையும் அந்த வீட்டுக்கு அழைத்துப்போய், டிரம்மை அதே பெஞ்சில் வைத்து, பெண் போலீஸ் ஒருவரை உள்ளே விட்டுப் பூட்டி, மரப்படியால் தடுப்பில் தட்டச் சொன்னார். விரலை வைத்தேன். அதே அதிர்வு. “இதேதான் சார்” என்றேன். என் எதிரில் நின்ற தலைமைக் காவலர் இருளம்மாள், “இதுக்கு டிரம் எதுக்கு சார்? இங்கன நின்னாலே நல்லா கேக்குதே” என்றார். அங்கு நின்ற ஐந்து பேரும் கேட்கிறது என்றார்கள். எனக்குக் கேட்கவில்லை. சூரியபிரகாஷ் என்னைப் பற்றி ஏன் அப்படிச் சொன்னான் என்பது அப்போதுதான் விளங்கியது. அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருக்கிறான்.

காது கேட்டிருந்தால் கதவைத் திறக்கச் சொல்லியிருப்பாயா என்று நடுவர் அவர்கள் எழுதிக் காட்டிக் கேட்டார்கள். சொல்லியிருப்பேன் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். செவிடு என்பதை எழுதினால் இனி எனக்குத் தொழில் இல்லை என்பது தெரிந்தே எழுதச் சொல்கிறேன். டிரம் கோர்ட்டிலேயே இருக்கட்டும், எனக்கு வேண்டாம்.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. எழுத்தர் இதை வாசித்துக் காட்டியபோது எனக்கு விளங்கவில்லை. காகிதத்தை வாங்கி நானே படித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) சு. முத்துவீரன்