நாலாம் நம்பர் வில்லை

இல்ல சார், ஒரு மணி நேரம்தான் கேக்குறேன். முப்பத்தோரு வருசமா ஏரிக்குள்ள கெடந்த கப்பல், ஒரு மணி நேரத்துல எங்க ஓடிடப் போகுது? அந்த வெடி ஒயரை மட்டும் கழட்டி வைக்கச் சொல்லுங்க. முக்குளிக்கிற தம்பி இன்னொரு தடவை எறங்கி, விஞ்சு ரூமைப் பாத்துட்டு வரட்டும். அப்புறம் நீங்க தூள் தூளாக்குங்க, நானே கை தட்டுறேன்.

ஆமா, நான்தான் அந்த நீச்சல்காரன். ஊர்ல சொல்லியிருப்பாங்களே. முழுகினப்ப அதுல இருந்த நாலு பேர்ல மூணு பேர் பின்னால வயசாகிப் போய்ச் சேந்துட்டாங்க, நான் ஒருத்தன்தான் மிச்சம்.

அது தூர் வார்ற கப்பல் சார். பேரு ஏதோ பெருசா எழுதியிருக்கும், நாங்க எருமைன்னுதான் கூப்பிடுவோம். கொழாயை விட்டு ஏரிச் சேத்தை உறிஞ்சும். அதை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்க ரெண்டு இரும்பு வடம். வடத்தைச் சுத்துற விஞ்சு கீழ, கக்கூஸ் அளவு ரூமுல. அதுதான் என் எடம். மேலேர்ந்து ஒரு மணி அடிச்சா சுத்தணும், ரெண்டு மணி அடிச்சா நிறுத்தணும்.

அன்னிக்கு வடம் எதுலயோ மாட்டிக்கிச்சு. டிரைவருக்கு மூக்கு மேல கோவம். நிறுத்தச் சொல்லாம சுத்து சுத்துன்னு மணி அடிச்சுக்கிட்டே இருந்தாரு. கப்பல் சாஞ்சுது. காத்து வரட்டும்னு கப்பலோட பக்கவாட்டுக் கதவைத் தெறந்து போட்டிருந்தாங்க, தண்ணி வந்துருச்சு. மூணே நிமிசம். மேல இருந்த மூணு பேரும் குதிச்சுட்டாங்க.

நானா? நான் சன்னல் வழியா...

என்ன சார்? முக்குளிச்ச தம்பி சுத்திப் பாத்தாராமா?

ஆமா. அந்த ரூமுக்குச் சன்னல் கெடையாது. அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்காக நான் வச்ச சன்னல். வருசா வருசம் கூப்பிட்டுப் பேசச் சொல்றாங்க, ஏதாவது சொல்லணும்ல. ஒரே ஒரு கதவுதான், வெளிப்பக்கமாத் தெறக்குறது. வெளிய தண்ணி நின்னா உள்ள இருக்கிறவன் எவ்வளவு முட்டினாலும் தெறக்காது. இப்ப துரு வேற புடிச்சிருக்கும். அறுக்கச் சொல்லுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

எனக்கு நீச்சலே தெரியாது சார்.

அதுக்கு மொத நாள் சாயங்காலம் எங்க மாமா, அக்கா வீட்டுக்காரரு, கோச்சுக்கிட்டு நான் தங்கியிருந்த ரூமுக்கு வந்துட்டாரு. பெரிய சண்டை ஒண்ணும் இல்ல. மேசையைச் சன்னல்கிட்ட போடணும்னு அக்கா, கதவுகிட்ட கெடக்கட்டும்னு இவரு. மறுநாள் காலையில எனக்குப் பல்வலி, கன்னம் பூசணிக்கா. நீ படுறா மாப்ளே, ஒரு நாள் நான் சுத்துறேன், அந்த எருமையை எனக்குத் தெரியாதான்னாரு. அவரும் அதுல வேலை பாத்தவருதான். என் காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

படகுத்துறையில ஒரு பலகை இருக்கும் சார். கப்பல் ஏறுறப்ப அவனவன் பித்தளை வில்லையை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கணும், எறங்கினா திரும்ப மாட்டணும். நாலாம் நம்பர் என்னுது. அன்னிக்கு அது மாமா கழுத்துல.

முழுகினதும் டிரைவர் ஈரத் துணியோட நேரா என் ரூமுக்கு வந்தாரு. ஆள் மாத்தி ஏத்தினது தெரிஞ்சா எல்லாரும் உள்ள போயிடுவோம், நாலாம் நம்பர் நீதானே, நீ உசுரோடதானே இருக்கேன்னாரு. மூலையில இருந்த வாளித் தண்ணியை எடுத்து என் தலையில ஊத்தினாரு. அப்படியே இழுத்துட்டுப் போயிக் கரையில நிறுத்திட்டாரு. கன்னம் வீங்கினதைக்கூட அடிபட்டதுன்னு நெனச்சுக்கிட்டாங்க. எனக்கு இருபத்திரெண்டு வயசு சார். கேட்டதுக்கெல்லாம் தலையை ஆட்டினேன். வில்லை தண்ணியில போச்சு, ஆளுங்க பத்திரம்னு எழுதி மூடிட்டாங்க.

நீங்க கதவை அறுத்தா மத்தது என்ன மிஞ்சியிருக்கும்னு தெரியல. பித்தளை இருக்கும். அதைப் பாத்துட்டு நீங்களே அக்காகிட்ட சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல சார், முப்பத்தோரு வருசமா வரல.

அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு மேசைக்காகத் தன்னை விட்டுட்டுப் போயிட்டாருன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அவரு காணாமப் போன அந்த வாரமே அக்கா மேசையைக் கதவுகிட்ட நகத்திப் போட்டுட்டாங்க. இன்னும் அங்கதான் கெடக்கு, போறப்ப வர்றப்ப இடுப்புல இடிக்கும்.

அதோ, ஃபிளாஸ்க்கோட நிக்கிறாங்க பாருங்க. தம்பி தப்பிச்சு வந்த கப்பலைக் கடைசியா ஒரு தடவை பாக்கணும்னு வந்திருக்காங்க. உங்களுக்கும் சேத்துதான் டீ போட்டிருக்காங்க சார்.