நீர்மாலைக் குடம்

கைதட்டலை அப்புறம் வச்சுக்கலாம்... அதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை கேளுங்க. கதைன்னா வேற யார் கதையும் இல்ல, நான் தோத்த கதை.

போன நகராட்சித் தேர்தல். நம்ம வார்டுக்கு யாரை நிறுத்தலாம்னு கட்சி உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணணும். ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கம் யாரு? இதோ மேடையில உக்காந்திருக்காரே, முப்பிடாதி அண்ணன்... அவருதான்.

எனக்கு என்ன தைரியம் தெரியுமா? கீழத்தெருவுக்குக் குடிதண்ணிக் குழாய் கொண்டுவந்தது நான்! எட்டு மாசம் மனு... அலைச்சல்... மறுபடியும் மனு! அந்தத் தெருவுல மட்டும் நம்ம உறுப்பினர் ஓட்டு பதினெட்டு. எண்ணிப் பார்த்தா வார்டு முழுக்கச் சேர்த்தே எனக்கு விழுந்தது... ரெண்டு! அதுல ஒண்ணு நானே போட்டது.

ஆத்திரம்னா ஆத்திரம். நேரா அந்தத் தெரு ஆவுடையம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். ரொம்ப வருஷமா நம்ம கட்சிக்காரங்க.

"ஏன்க்கா, குழாயில தண்ணி வருதா இல்லையா?"

"வருது தம்பி. நல்லா வருது."

"கொண்டுவந்தது யாரு?"

"நீதான். யாரு இல்லேன்னா?"

"பிறகு ஏன் அவருக்குப் போட்டீங்க?"

அக்கா சொன்னாங்க. "எங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு, அவரைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணி அந்தக் குழாயிலதான் பிடிச்சோம். எனக்குப் பிள்ளை இல்ல. பிள்ளை தூக்க வேண்டிய குடத்தை முப்பிடாதிதான் தூக்கினான். நீ வரலியே தம்பி? உன் வேலையைக் குறை சொல்லல. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யாரு வருவான்னு தெரியணும்லா?"

அன்னைக்கு நான் எங்க இருந்தேன்? நகராட்சி ஆபீஸ்ல... அடுத்த தெருவுக்கு மனு கொடுத்துட்டு! சாவுச் செய்தி வந்துச்சு. நாளைக்குப் போய்க்கலாம்னு விட்டேன். அப்புறம் போகவே இல்ல. அதை நெனைச்சா இன்னைக்கும் எனக்குக் கூசுது.

போன மாசம் அக்காவும் போயிட்டாங்க. இந்தத் தடவை நான் போனேன். அதே குழாயில பிடிச்ச குடத்தை நானும் தூக்கினேன்... அதைப் பார்க்க அக்கா இல்ல.

ஏன் சொல்றேன்? பழகின மூஞ்சிக்கே ஓட்டுப் போடுறாங்கன்னு நாம கேலி பேசுறோம். அவங்க மூஞ்சியையா பார்க்குறாங்க? நம்ம கஷ்டத்துல இவன் நின்னானான்னு பார்க்குறாங்க! அது தப்பா? இன்னைக்கு சீட்டு கேட்டு வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே... வேலை செய்யுங்க, வேண்டாங்கல. ஆனா மனுவை நாளைக்குக் கொடுக்கலாம்... அந்தக் குடத்தை நாளைக்குத் தூக்க முடியாது.